பவுடர் அண்ணன் பவுடரை நிறுத்திய கதை

கோயம்புத்தூரில் அதிக வெள்ளைக்காரர்களை உண்டாக்கியவர் யார் என்று கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் பவுடர் அண்ணன் என்று சொல்வேன்.

பீளமேட்டில் ஒரு கல்லூரிக்கு எதிரே உள்ள வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில் அவருடைய பிளக்ஸ் பேனர் கடை இருந்தது. கல்யாணம், காதுகுத்து, கட்சிக்காரர் வரவேற்பு, கண்ணீர் அஞ்சலி என்று எதற்காக யார் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தாலும், அந்த ஆள் பேனரில் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளியே வருவார். "ஒரு கோட்டிங் பவுடர் போட்டுறலாமுங்களா?" என்று மரியாதையாகக் கேட்பார். அது கேள்வி இல்லை. கேட்டு முடிப்பதற்குள் கணினியில் போட்டு முடித்திருப்பார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் கடையின் லைசென்ஸில் இருந்தது. அதை மாநகராட்சியைத் தவிர யாரும் படித்ததில்லை.

நான் எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்தபோது அந்தக் கடையில் சேர்ந்தேன். பேனருக்கு நாலு வரி எழுதுவது என் வேலை. காலையில் ஒரு பூப்பு நன்னீராட்டு விழாவுக்கு மொட்டும் மலருமாக எழுதிவிட்டு, மத்தியானம் ஒரு ரைஸ்மில் அதிபரின் நினைவு நாளுக்கு இமயம் சரிந்ததே என்று எழுதுவேன். "அம்மணி, நாலு வரி குடுங்க" என்பார் அண்ணன். மூன்று வரி கொடுத்தால் எண்ணிப் பார்த்துத் திருப்பித் தருவார்.

பவுடர் விஷயத்தில் அவருக்கு உயர்திணை அஃறிணை பேதம் கிடையாது. அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குத் தன் குதிரையைக் கொண்டுபோகிற ஒருவர் பேனர் அடிக்க வந்தார். நல்ல கறுப்புக் குதிரை. பேனரில் அது பால் வெள்ளையாக, மூக்கில் லேசான ரோஸ் நிறத்தோடு நின்றது.

"ஏனுங்க, என் குதிரை எங்கீங்க?"

"அதேதானுங்க இது. சித்த கலர் ஏத்தியிருக்கறேன்."

சந்தையில் பேனரைப் பார்த்துவிட்டு வெள்ளைக் குதிரையை விலை கேட்டு வந்தவர்களிடம் அந்த மனிதர், "இதுதானுங்க அது, வெயில்ல கருத்துப்போச்சு" என்று மூன்று நாளும் சமாளித்தாராம். யாரும் நம்பவில்லை. குதிரையே நம்பியிருக்காது.

அவிநாசிப் பக்கம் ஒரு பெரியவரின் கண்ணீர் அஞ்சலி பேனரும் அப்படித்தான். காட்டு வேலையில் காய்ந்த உடம்பு. பேனரில் ஆப்பிள் மாதிரி இருந்தார். துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வேறு வீடு என்று நினைத்துத் தெருமுனை வரை போய்த் திரும்பினார்கள். அவருடைய மனைவி மட்டும் பேனரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாராம்: "இந்தக் கலர்ல இருந்திருந்தா இத்தன வருசம் நான் இந்த மனுசனைத் திட்டியிருக்கவே மாட்டேனே."

இதையெல்லாம் செய்த அண்ணன் எங்கள் வளாகத்திலேயே கறுத்தவர். மேசை இழுப்பறையில் ஒரு பவுடர் டப்பா உண்டு. வெளியே கிளம்பும்போது முகத்தில் ஒரு ஒற்று ஒற்றிக்கொள்வார். மார்கழி மாதத்திலும் வெயிலுக்குக் குடை பிடிப்பார். "ஏனுங்கண்ணா, இந்தப் பவுடர் இல்லாம ஒரே ஒரு பேனர் அடிச்சா என்ன?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"கருப்பு யாருக்குங்க அம்மணி புடிக்கும்?" என்றார். பிறகு ஒரு மழை நாளில், கடையில் யாரும் இல்லாதபோது, தானாகவே சொன்னார். காரமடைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவர் வகுப்புக்குள் நுழைந்தால் பையன்கள் எல்லோரும் சேர்ந்து 'கா கா' என்று கத்துவார்களாம். ஒரு வாத்தியார் வருகைப் பதிவு எடுக்கும்போதும் 'காக்கா' என்றே கூப்பிட்டாராம். "நானும் உள்ளேன் ஐயான்னு சொல்லிப்போட்டு உக்காந்துக்குவேனுங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

ஆகவே, ஒரு திங்கட்கிழமை காலையில் ஓர் ஆப்பிரிக்கப் பெண் கடைக்குள் வந்து, "ஏனுங்க காக்கா, ஒரு பேனர் அடிக்கோணுமுங்க" என்று தெளிவான கோவைத் தமிழில் சொன்னபோது என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அண்ணனின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. "அம்மணி, என்ன வேணும்னு கேட்டு எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து பின்பக்கம் போய்விட்டார். பவுடர் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனார்.

அந்தப் பெண்ணின் பெயர் நேமா. தான்சானியாவிலிருந்து வந்து எதிர்க் கல்லூரியில் துணி வடிவமைப்பு படித்துக்கொண்டிருந்தாள். விடுதி மெஸ்ஸில் சமைக்கும் அக்காவிடம் தமிழ் கற்றுக்கொண்டதால், உள்ளூர்ப் பெண்களைவிட அவள் பேச்சில் 'ங்க' அதிகம்.

"உங்களுக்குக் காக்கான்னா என்னன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியுமுங்களே. அண்ணன்."

"எந்த ஊர்ல?"

"எங்க ஊர்லதானுங்க. சுவாஹிலி பாஷையில அண்ணனைக் காக்கான்னுதான் கூப்புடுவோம். மரியாதையானவங்களைத்தான் அப்புடிச் சொல்லுவோமுங்க. ஏன், தப்புங்களா?"

பின்பக்கக் கதவு மெல்லத் திறந்தது. இடது கன்னத்தில் மட்டும் பவுடரோடு அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"அண்ணனுங்களா?" என்றார்.

"ஆமாங்க காக்கா."

"இன்னொருக்கா சொல்லுங்க."

அவள் சொன்னாள். அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, அரை நிமிடம் திரையையே பார்த்தார். திரையில் ஒன்றுமே இல்லை. அப்புறம், "என்ன பேனருங்க கண்ணு?" என்றார். வாடிக்கையாளரை அவர் கண்ணு என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

விஷயம் இதுதான். கோவையில் படிக்கும் ஆப்பிரிக்க நாட்டு மாணவர்கள் நாற்பது பேர் சேர்ந்து, கறுப்பின மக்களின் விடுதலையைக் கொண்டாட ஒரு விழா நடத்தப் போகிறார்கள். சொற்பொழிவு கிடையாது. பாட்டு, ஆட்டம், ஓவியம், தாங்களே வடிவமைத்த துணி, எல்லாவற்றையும் எல்லோரும் சேர்ந்து செய்வது. பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பேசியிருக்கிறார்கள். வாசலில் வைக்க, நாற்பது பேரின் முகத்தோடும் இருபதடி நீளத்துக்கு ஒரு பேனர் வேண்டும்.

தன்னை அண்ணன் என்று கூப்பிட்ட பெண்ணுக்கு ஒரு கோட்டிங் போதுமா? நாற்பது பேருக்கும் இரண்டு கோட்டிங் போட்டார். நான் அன்றைக்குக் காதுகுத்து வேலையாக ஈரோடு போயிருந்தேன். இருந்திருந்தால் தடுத்திருப்பேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.

மறுநாள் கடைக்குப் பின்னால், பேனருக்குச் சட்டம் அடிக்கிற காலியிடத்தில் அதை விரித்தோம். நேமாவும் அவளுடைய நண்பன் யூசுப்பும் வந்திருந்தார்கள். யூசுப் சூடானைச் சேர்ந்தவன். கடைக்குள் வரும்போது நிலைக்குக் குனிந்து வருகிற உயரம். 'கறுப்பின விடுதலை விழா' என்று மேலே சிவப்பில் பெரிய எழுத்து. அதன் கீழே நாற்பது பேர், காஷ்மீரிலிருந்து சுற்றுலா வந்த மாதிரி, கை கூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாலு மூலையிலும் கிளி.

நேமா குனிந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"ஏனுங்க காக்கா, இவங்கெல்லாம் யாருங்க?"

"நீங்கதானுங்க."

"இதுல நான் எங்கீங்க?"

அண்ணன் காட்டினார். யூசுப் தன்னைத் தேடித் தேடிக் கடைசியில் வேறு ஒருவனைக் காட்டி, "நான்" என்றான்.

நேமா சிரித்தாள். சுருட்டி வைத்திருந்த பிளக்ஸ் மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், அவள் சிரிப்பு நின்றிருந்தது. கண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

"காக்கா, நான் மொதல் வருசம் முடிஞ்சதும் ஆஸ்டலுக்கு வெளிய ரூம் தேடுனேனுங்க. ஃபோன்ல என் தமிழைக் கேட்டுப்போட்டு, வாங்க கண்ணு வாங்கன்னு சொன்னாங்க. நேர்ல போனா ரூம் இல்லீங்கன்னு சொன்னாங்க. ஏழு ஊடு. ஏழு பேருமே மரியாதையாத்தான் சொன்னாங்க." பேனரைக் காட்டினாள். "நீங்களும் மரியாதையாத்தான் எங்களை அழிச்சிருக்கறீங்க."

அண்ணன் அங்கே கிடந்த கத்திரியை எடுத்து, அந்த இருபதடி பேனரைக் குறுக்கே இரண்டாக வெட்டினார். "எனக்கு மூணு நாள் குடு கண்ணு" என்றார். மரியாதைப் பன்மை போய்விட்டது. நேமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நானும் கூட உக்காருவேன்" என்றாள்.

அந்த மூன்று நாள்களைப் போல ஒரு மூன்று நாள் அந்தக் கடையில் அதற்கு முன்பு நடந்ததில்லை. கல்யாணப் பேனர் கேட்டு வந்தவர்களை எல்லாம் அண்ணன் அடுத்த வாரத்துக்கு அனுப்பினார். நாற்பது படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, பெரிதாக்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் பார்த்தார். இத்தனை வருடமாக எந்த நிறத்தை அழித்துக்கொண்டிருந்தாரோ, அதை முதல் தடவையாக உட்கார்ந்து பார்க்கிறார். நேமா பக்கத்தில் உட்கார்ந்து, "இங்க வெளிச்சம் வேணுமுங்க, வெள்ளை வேண்டாமுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வெளிச்சமும் வெள்ளையும் வேறு வேறு என்பது அண்ணனுக்குப் புரிய ஒரு முழு நாள் ஆயிற்று. புரிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மணி, கருப்புன்னு ஒண்ணு இல்லவே இல்லீங்க. நாப்பது பேரு, நாப்பது கருப்பு. இந்த யூசுப்பு நாவப்பழம். நேமா கருப்பட்டிப் பாகு, வெயில் பட்டா சித்த செம்பு தெரியுது. நீங்க வறுத்த கொத்தமல்லி."

மாதா மாதம் சம்பளம் கொடுப்பவர் என்பதால் அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

"நீங்க என்ன கலருங்கண்ணா?" என்று கேட்டேன்.

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கவனிச்சதில்லீங்க" என்றார்.

வேலை பேனரோடு நிற்கவில்லை. நேமாவின் ஊர்ப் பெண்கள் உடுத்துகிற துணியில் கரையோரம் ஒரு வரி எழுதியிருக்குமாம். யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர் கண்ணில் படுகிற மாதிரி அதை உடுத்திக்கொண்டு நடப்பார்களாம். "நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்கக்கா, தமிழ்ல" என்றாள் நேமா. ஆயிரம் பேனருக்கு நாலு நாலு வரி எழுதிய எனக்கு, அந்த ஒரு வரி வரவே இல்லை. இமயத்தையும் மலரையும் விட்டால் என்னிடம் சரக்கு இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்றாவது நாள் டீ குடிக்கும்போது வந்தது: 'வெயிலுக்கு நாங்கள் சொந்தம்.' அண்ணன் எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்ட ஒரே வரி அதுதான்.

ஈரோட்டிலிருந்து வந்த வெள்ளைத் துணியில் நேமா மஞ்சளும் நீலமுமாக வடிவம் வரைந்தாள். அண்ணன் அதற்கு அச்சு வெட்டினார். யூசுப் தமிழ் எழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்தான். 'வெ'யின் கொம்பு அவன் கையில் ஒட்டகக் கழுத்து மாதிரி நீண்டது. அழகாக இருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டோம். நான் துணியை மடித்தேன். யார் எதைச் செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி வேலை கலந்துபோயிருந்தது. நாலு மூலைக் கிளியை மட்டும் அண்ணன் விட்டுக்கொடுக்கவில்லை. "கிளி இல்லாம எப்புடீங்க விசேசம்" என்றார். நேமா இரண்டு கிளிக்கு ஒப்புக்கொண்டாள்.

வேலை செய்துகொண்டே பேசுவார்கள். ஒருநாள் நேமா சொன்னாள்: "எங்க ஆளுங்களைக் கப்பல்ல ஏத்திக் கடலுக்கு அந்தப் பக்கம் அடிமையாக் கொண்டுபோனாங்களுங்க. அங்க மேளம் அடிச்சா ஒருத்தருக்கொருத்தர் சேதி போயிரும்னு, சில ஊர்ல மேளத்தையே புடுங்கிப்போட்டாங்க. அவங்க விடலீங்க. கையைத் தட்டி, தொடையைத் தட்டி, காலைத் தரையில உதைச்சு ஒடம்பையே மேளமாக்கிட்டாங்க. எங்க பாஷையில மேளத்துக்கும் ஆட்டத்துக்கும் ஒரே பேருதானுங்க. ங்கோமா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தமிழில் 'ங' வரிசையில் ஒரு சொல்லைத் தொடங்க முடியாமல் புலவர்கள் திண்டாடியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் 'ங்க' என்று முடிக்கிற ஊருக்கு, 'ங்' என்று தொடங்குகிற ஊரிலிருந்து ஒருத்தி வந்திருக்கிறாள்.

நான் இப்படி இலக்கணத்தில் இருந்தேன். அண்ணன் வேறு எங்கோ இருந்தார். "மேளத்தைப் புடுங்குனாங்களா" என்று ஒரு தடவை கேட்டார். பிறகு அன்று முழுக்க மேசையை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார்.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மண்டபத்துக்காரர் கைவிரித்தார். முன்பணத்தோடு ஓர் ஆளை அனுப்பியிருந்தார். அன்றைக்கு வேறு கல்யாணம் வந்துவிட்டதாம். நேமா அதை வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். "எட்டாவது ஊடுங்க" என்றாள். அண்ணன் குடையை எடுத்தார், பவுடர் போட மறந்தார், என்னையும் அழைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனார்.

கொங்கு நாட்டில் இரண்டு பேர் சண்டை போடுவதை வெளியூர்க்காரர்கள் கேட்டால், சம்பந்தம் பேசுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

"வாங்க, உக்காருங்க" என்றார் மண்டப மேனேஜர்.

"இருக்கட்டுமுங்க. ஞாயித்துக்கெழமை யாரு ஊட்டுக் கண்ணாலமுங்க?"

"மேட்டுப்பாளையத்துப் பார்ட்டிங்க. பாக்கு மண்டிக்காரங்க."

"நெம்ப சந்தோசமுங்க. பேனர் யாருங்க அடிக்கறாங்க?"

மேனேஜர் வாயைத் திறந்து, மூடினார்.

"இல்லீங்க, உங்க மண்டபத்துல பத்து வருசமா எந்த விசேசம்னாலும் பேனர் எங்கிட்டத்தானுங்க வருது. நான் பவுடர் போடாம இங்க ஒரு மாப்பிள்ளையும் தாலி கட்டுனதில்லீங்க. அதான் கேட்டேன்."

"அது வந்துங்க... அக்கம்பக்கத்துல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்கல்லோ. அந்தப் பசங்க எல்லாம் பாக்கறதுக்கு..."

"பாக்கறதுக்கு?"

"அதானுங்க. கருப்பா, ஒரு மாதிரி..."

"நானும் கருப்பாத்தானுங்களே இருக்கறேன்."

"அட, நீங்க நம்மாளுங்க."

அண்ணன் கைகூப்பினார். "நான் அவங்காளுங்க. வாரேனுங்க" என்றார்.

எங்கள் ஊர் வழக்கப்படி இதற்குப் பெயர் போர்ப் பிரகடனம். அதன் பிறகு அந்த மண்டபத்துக்கு அவர் ஒரு பேனரும் அடிக்கவில்லை.

திரும்பி வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டார். கடைக்குப் பின்னால் இருக்கிற காலியிடத்தில் விழா. நிழலுக்கு என்ன செய்வது? கடையில் அச்சுப் பிசகிப்போன பழைய பேனர்கள் மலை மாதிரி கிடந்தன. அவற்றைத் தைத்துப் பந்தல் போட்டார். அண்ணாந்து பார்த்தால் கோயம்புத்தூரின் வெள்ளை மாப்பிள்ளைகள், வெள்ளை வட்டச் செயலாளர்கள், வெள்ளைக் காதுகுத்துக் குழந்தைகள் எல்லோரும் எங்களைக் குனிந்து பார்த்தார்கள். சுற்றுச் சுவருக்குப் பேனர்களைப் பின்பக்கம் திருப்பிக் கட்டி, வருகிறவர்கள் எல்லாம் அதில் வரையலாம் என்று வண்ண டப்பாக்களை வரிசையாக வைத்தாள் நேமா.

மேளம்தான் குறை. மாணவர்களிடம் இரண்டே இரண்டு மரமேளம் இருந்தன. "நாப்பது பேரு ஆட ரண்டு மேளம் போதாதுங்க காக்கா" என்றாள்.

அண்ணன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். உள்ளே வந்தார். மறுபடியும் வாசலுக்குப் போனார். நாலு தடவை நடந்த பிறகு பேசியிருக்க வேண்டும். வந்து உட்கார்ந்து, "வாராங்க" என்றார். யார் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு டெம்போ வந்து நின்றது. காலில் சலங்கையும் தோளில் பெரிய பெரிய துடும்புகளுமாகப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். துடும்பு எங்கள் பக்கத்து மேளம். கோயில் விசேஷங்களில் அதை அடித்தால் நெஞ்சுக்கூடு அதிரும். குழுவுக்குத் தலைவராக இருந்தவர், அச்சு அசல் பவுடர் அண்ணன். பவுடர் மட்டும் இல்லை.

அவர் அண்ணனைப் பார்த்து, "நீ கூப்புடுவேன்னு நான் நெனைக்கவே இல்லண்ணா" என்றார்.

விவசாயக் குடும்பம் என்றுதான் அண்ணன் எங்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் கீழே பார்த்துக்கொண்டு சொன்னார்: "மேளம் அடிக்கறவன் மவன்னா கடை வாடகைக்குக் குடுப்பாங்களாங்க அம்மணி? நானும் எட்டு எடம் கேட்டுப்போட்டுத்தான் ஒம்பதாவது எடத்துல விவசாயம்னு சொன்னேனுங்க." நேமா அதைக் கேட்டாள். கரையில் என் வரி எழுதிய துணி ஒன்றை எடுத்து அவர் தோளில் போட்டாள். தம்பிக்கும் ஒன்று போட்டாள்.

தம்பி எங்களைப் பார்த்து, "எங்கண்ணன் அடிச்சா ஊரே திரும்பிப் பாக்குமுங்க. டவுனுக்கு வந்துதான் கையைச் சட்டை ஜோப்புக்குள்ள வெச்சுக்கிச்சு" என்றார்.

முதல் அரை மணி நேரம் ஒரே குழப்பம். துடும்புக்காரர்கள் ஒரு தாளம் பிடித்தால் மரமேளக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். யார் யாரைப் பின்தொடர்வது என்று தெரியாமல் இரு தரப்பும் மரியாதையாக வழிவிட்டுக்கொண்டே இருந்ததில் தாளமே நின்றுபோயிற்று. அண்ணன் ஓரத்தில் நின்று விரலால் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று, "அட, குடுறா இங்க" என்று தம்பியின் துடும்பை வாங்கித் தோளில் மாட்டினார்.

இத்தனை வருடம் மவுஸை உருட்டிய கை அது. ஓங்கி அடித்தார். மேலே பந்தலில் இருந்த வட்டச் செயலாளர்கள் நடுங்கினார்கள். மரமேளக்காரன் தலையை நிமிர்த்தி, அந்த அடிக்குப் பதில் சொன்னான். அண்ணன் அதற்குப் பதில் சொன்னார். நாலாவது பதிலில் இரண்டும் ஒரே பேச்சாகிவிட்டது. நாற்பது பேரும் இறங்கினார்கள். நேமா கையைத் தட்டி, தொடையைத் தட்டி, தரையை உதைத்து ஆட, துடும்புக்காரர்கள் சலங்கைக் காலோடு அவளைச் சுற்றி வட்டம் கட்டினார்கள். யூசுப் துடும்பாட்ட அடவு ஒன்றைக் கற்றுக்கொண்டு தப்பாக ஆடினான். அந்தத் தப்பு நன்றாக இருந்ததால் பன்னிரண்டு பேரும் அதையே ஆடினார்கள். வளாகத்துக் கடைக்காரர்கள், மெஸ் அக்கா, டீக்கடைக்காரர், சும்மா போனவர்கள் என்று எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். பின்பக்கம் திருப்பிய பேனர்களில் ஒரு இன்ச் இடம் மிச்சமில்லாமல் வரைந்து தீர்த்தார்கள். நான் ஆட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொண்டே ஆடினேன் என்று பிறகு படம் காட்டினார்கள்.

வளாகத்து ஓனர் மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தார். என்ன நினைத்தார் என்று இன்றுவரை தெரியாது. கடை அங்கேயேதான் இருக்கிறது.

மத்தியானம் அண்ணன் வியர்த்துக் கொட்டிப்போய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையைத் திருப்பி வெயிலில் காட்டினார். "எள்ளுங்க அம்மணி" என்றார். "வறுக்காத எள்ளு. பார்த்துப்போட்டேன்."

மறுநாள் முதல் பவுடர் கிடையாது. அது ஊரில் ஏற்படுத்திய கலவரம் கொஞ்சநஞ்சமில்லை.

"மாப்பிள்ளை இருட்டுல நிக்கற மாதிரி இருக்குதுங்களே" என்று ஒரு பெண் வீட்டார் சண்டைக்கு வந்தார்கள்.

"வெளிச்சத்துலதானுங்க நிக்கறாரு. அவரு கலர் அதுங்க. பொண்ணுக்குத் தெரியாதுங்களா?"

பாதி வாடிக்கையாளர்கள் எதிர்த் தெருக் கடைக்குப் போனார்கள். ஒரு பிரமுகர் தன் பேனரில் தன்னைப் பார்த்துவிட்டு, எதிர்க்கட்சியின் சதி என்றார். இரண்டு மாதம் கடையில் ஈ ஓட்டினோம். அண்ணன் அசையவில்லை. அந்த ஓய்வில் கறுத்த முகத்துக்கு வெளிச்சம் வைத்துப் படம் எடுக்கக் கற்றுக்கொண்டார். நிறம் அப்படியே இருக்கும், ஆனால் முகம் விளக்கேற்றிய மாதிரி இருக்கும். முதலில் ஒரு நர்ஸ் பெண் தன் நிச்சயதார்த்தத்துக்கு எடுத்துக்கொண்டாள். அவள் தோழிகள் வந்தார்கள். பிறகு அவரவர் அத்தை பெண்கள். இப்போது அங்கே படம் எடுக்க முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பெயர் மட்டும் பவுடர் அண்ணன் என்றே நிலைத்துவிட்டது. கோயம்புத்தூரில் ஒரு பெயரை வைத்துவிட்டால் வைத்ததுதான்.

நேமா படிப்பு முடித்து ஊருக்குப் போய்த் துணி வடிவமைக்கிறாள். அவளுடைய புதுத் துணிகளில் ஏதோ ஒரு மூலையில் ஒரு கிளி இருக்கிறதாம்.

நான் பத்திரிகைக்கு எழுத வந்த பிறகு எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அண்ணன் தம்பியோடும் துடும்போடும் வந்து, மாப்பிள்ளை வீட்டாரை மிரள வைத்தார். மேடையில் குடும்பப் படம் எடுக்கும்போது ஒதுங்கி நின்றவரைக் கையைப் பிடித்து இழுத்து என் பக்கத்தில் நிறுத்தினேன். அந்தப் படம் எங்கள் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறது. பார்க்கிறவர்கள், "இவர் உங்க கூடப் பொறந்த அண்ணனுங்களா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். இரண்டு பேர் நிறத்தையும் பார்த்துவிட்டு, இதுவரை ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை.